கேள்வித்தாளை எழுதியவர் யார்?

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம். கவிதைத் தொகுப்புக்கு எழுதுகிறோம். சினிமாவுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் கணக்கெடுப்பு அறிக்கை ஒன்றை எடுத்து வைத்து, இதை எழுதியவன் யார், எந்த இடத்தில் நின்று எழுதினான், யாரைப் பேச விட்டான், யார் வாயை அடைத்தான் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நம்ம சனங்களைப் பற்றி நாவலில் எழுதப்பட்டதைக் காட்டிலும் அறிக்கையில் எழுதப்பட்டதுதான் அதிகம். கலெக்டர் எழுதினான், கமிஷன் எழுதியது, தொண்டு நிறுவனம் எழுதுகிறது. நாவலாசிரியன் நம்மைத் தப்பா எழுதினா நாலு பேருக்கு மனசு கொதிக்கும், கண்டித்து ஒரு கட்டுரை வரும். அறிக்கைக்காரன் தப்பா எழுதினா ஒரு குடும்பம் இன்னும் பத்து வருசம் சேம்பர்லயே கிடக்கும். அப்படியிருக்க எதை முதலில் விமர்சிக்க வேண்டும்?

கொத்தடிமை முறை பற்றிய ஆய்வுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. நான் இருப்பது நாவலூர். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கிற ஊர். அந்தக் கட்டடங்களுக்கான செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, அதை அறுத்த குடும்பம் எவ்வளவு முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று கட்டடத்தின் எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கல் குவாரியிலும் மரவெட்டிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்களில் பெரும்பகுதி இருளர்கள். அடுத்து நம் சேரிக்காரர்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருளர் விசயத்தில் நானும் வெளி ஆள்தான். எங்கள் தெருவுக்கும் ஏரிக்கரைக் குடிசைகளுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஆனாலும் அந்தத் தூரம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் எண்கள். 1976-ல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்த பிறகு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். 1978-79-ல் காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிலையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 10 மாநிலங்களில் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் என்றது. ஏறக்குறைய அதே காலத்தில் அரசின் தேசிய மாதிரி ஆய்வு 16 மாநிலங்களில் எண்ணியது. மூன்றரை லட்சத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது. மாநிலம் கூடியது, அடிமை குறைந்தான்! தமிழ்நாட்டில் இதே கூத்து 1990-களில் நடந்தது. உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் சிராஜ் சேட்டும் பெலிக்ஸ் சுகிர்தராஜும் 1995-ல் தந்த அறிக்கை, மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேல் என்றது. அடுத்து மாநில அரசு தானே கணக்கெடுத்தபோது கிடைத்தவர்கள் 25 ஆயிரம் அளவில். பத்து லட்சம் எங்கே, இருபத்தைந்தாயிரம் எங்கே. நடுவில் இருக்கிற ஒன்பதே முக்கால் லட்சம் மனுசங்க எந்தக் காற்றில் கரைந்தார்கள்?

புள்ளிவிவரக்காரர்கள் இதற்கு 'வரையறை வேறுபாடு' என்று பதில் சொல்வார்கள். சரிதான். 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலேயே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1984-ல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது தெரிந்தால் அதன் பின்னால் முன்பணமோ கடனோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்றது. சட்டத்தின் 15-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவன் தலையில். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு வாங்கினாய், எப்போது வாங்கினாய், சாட்சி யார், சீட்டு இருக்கிறதா, நீ வெளியே போகவே முடியாதா, அடித்தார்களா, எத்தனை தடவை. சட்டம் முதலாளி தலையில் வைத்த சுமையைப் படிவம் தூக்கி அடிமைத் தலையில் வைத்துவிட்டது. இதை எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றவில்லை. மேசையில் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரித்த ஒருவர் செய்த திருத்தம் இது.

அந்த 1984 வழக்கில் இன்னொரு விசயமும் உண்டு, நம் தோழர்கள் அதிகம் பேசாதது. ஹரியானாவில் பரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர்களைப் பற்றியது வழக்கு. ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று நீதிமன்றம் ஆணையர்களை அனுப்பி விசாரிக்கச் சொன்னது. எதிர்த்தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? குறுக்கு விசாரணை செய்யப்படாத இந்த அறிக்கைக்குச் சாட்சிய மதிப்பு கிடையாது என்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வக்கீல் வைக்க வழியில்லாதவன் நீதிமன்றத்தில் சாட்சியத்தைக் கொண்டுவர வேறு என்ன வழி என்கிற பார்வையில்தான் தீர்ப்பு போகிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கேயும் தொழிலாளி சொல்கிற ஆள்தான். ஆணையர் எழுதுகிற ஆள். எழுதியதைச் சொன்னவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிற முறை அங்கேயும் வரவில்லை.

இப்போது அறிக்கையின் மொழிக்கு வருகிறேன். எந்த அறிக்கையாக இருந்தாலும் ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும்: 'மீட்கப்பட்டனர்'. மீட்டவர் கோட்டாட்சியர், மீட்டவர் தாசில்தார், மீட்டது தொண்டு நிறுவனம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து மைல் நடந்து வந்து யாரிடமோ தகவல் சொன்ன ஒருத்தியோ ஒருத்தனோ இல்லாமல் எந்த தாசில்தாருக்கும் அந்த இடம் தெரிந்திருக்காது. அந்த ஆள் வாக்கியத்தின் எழுவாயாக வருவதே இல்லை. 'தகவல் கிடைத்ததின் பேரில்' என்று ஒரு தொடருக்குள் அவரைப் புதைத்துவிடுகிறார்கள். அடகு நகையைத்தான் மீட்பார்கள். மனுசனையும் அதே சொல்லால் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரவெட்டு இடங்களிலிருந்து குழந்தைகளோடு சேர்த்து 42 பேர் வெளியே வந்தார்கள். அப்போது எடுத்த ஒரு புகைப்படம் இந்தியா முழுக்கச் சுற்றியது. ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுகிறார். பார்த்த எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். நான் அந்தப் படத்தை வேறு மாதிரி வாசிக்கிறேன். சட்டம் வந்து 43 வருசம் கழித்து, மாவட்ட நிர்வாகம் செய்யத் தவறிய வேலையைக் கடைசியில் செய்தபோது, காலில் விழ வேண்டியவர் யார்? பாதிக்கப்பட்டவர் நன்றி சொல்கிறவராக இருக்கிறவரைதான் நமக்கு அவரைப் பிடிக்கிறது. எழுந்து நின்று 'இத்தினி வருசம் எங்க போயிருந்தீங்க?' என்று அவர் கேட்டிருந்தால் அந்தப் படம் சுற்றியிருக்குமா? ஆய்வுக்கும் இதே நோய்தான். அழுகிற சாட்சி வேண்டும், யோசிக்கிற சாட்சி வேண்டாம்.

இலக்கியத்தில் இந்தச் சிக்கலை நாம் கொஞ்சமாவது பேசியிருக்கிறோம். 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இது நாவலா, தன்வரலாறா, மொழி கொச்சையாக இருக்கிறதே என்றெல்லாம் இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள். சொல்கிறவளும் எழுதுகிறவளும் ஒருத்தியாக இருந்ததுதான் அங்கே பிரச்சனை. வீரம்மாவின் கதை இன்னும் சிக்கலானது. பாண்டிச்சேரிப் பக்கத்துக் கூலிப் பெண், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டுக்காரி. ஜோசியான் ராசின் ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் பேச்சைப் பதிவு செய்து, 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாகக் கொண்டுவந்தார். அட்டையில் மூன்று பெயர்கள். முதல் பெயர் வீரம்மாவுடையது. நம் அரசியலுக்கு உவப்பில்லாத பேச்செல்லாம் அதில் இருக்கிறது, எரிச்சல் வருகிற இடங்கள் உண்டு. ஆனாலும் அவரைத் தகவலாளியாகச் சுருக்கவில்லை, ஆசிரியராக வைத்தார்கள். ஒரு புத்தகத்துக்கு முடிகிற இந்தக் காரியம் ஒரு மாவட்டக் கணக்கெடுப்புக்கு ஏன் முடியாது?

செங்கல்பட்டுக்காரன் ஒருவன் இதைக் கேட்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. நம்மைப் பற்றிய அறிக்கைகளின் தாய் அறிக்கை இந்த மாவட்டத்தில்தான் பிறந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு. அதைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோமே, அந்தக் கதையின் முதல் பக்கம் அது. வெள்ளைக்காரத் துரை எழுதினான் என்பதால் அதைத் தூக்கிப் போட நான் தயாரில்லை. நூறு வருசம் கழித்து 1994-ல் காரணையில் நம் சனங்கள் பஞ்சமி நிலத்தில் இறங்கியபோது அந்தத் துரையின் எழுத்துதான் கையில் இருந்த ஆவணம். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அறிக்கை நம் உயிரைக் காப்பாற்றவில்லை. ஆனால் உரிமையைக் காட்டுகிற காகிதமாக நின்றது.

அதே 1891-ல்தான் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதினார். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டு. அவர் பின்னால் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போய் அம்பேத்கரோடு உட்கார்ந்து தாமே பேசினார். 1939-ல் தம் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாகத் தாமே எழுதி வெளியிட்டார். அம்பேத்கர் 1919-லேயே சௌத்பரோ கமிட்டி முன்னால் போய், எங்களுக்காக மற்றவர் பேச முடியாது, எங்கள் பிரதிநிதி நாங்களே என்று சாட்சியம் சொன்னவர். ஆக, 'பாதிக்கப்பட்டவர்களை ஆய்வில் பங்கேற்க வைப்பது' என்று இன்றைக்குக் கருத்தரங்குகளில் புதுச் சரக்காக விற்கிறார்களே, அது நம் பெரியவர்கள் நூறு வருசத்துக்கு முன் கேட்டு வாங்கிய நாற்காலி. ஊனமுற்றோர் இயக்கம் உலகம் முழுக்க முழங்கிய 'எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமல் எதுவும் வேண்டாம்' என்கிற முழக்கமும் அதே குரல்தான்.

இனி வடநெம்மேலிக்குப் போவோம். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் போய்க் கோவளத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வந்துவிடும். அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வனவிலங்குச் சட்டமும் தோல் வணிகத் தடையும் பாம்புத்தோல் பிழைப்பைப் பிடுங்கிய பின், 1978-ல் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்கு நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2017-ல் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். புளோரிடாவின் சதுப்புக்காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க அங்கத்திய பல்கலைக்கழகத்துக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். நாலு வாரத்துக்குள் 27 பாம்பு பிடித்தார்கள். கூடப் போன மொழிபெயர்ப்பாளர்கள் இவர்கள் சொன்னதை விஞ்ஞானிகளுக்குச் சொன்னார்கள்; விஞ்ஞானிகள் குறித்துக்கொண்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விமர்சகன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இருக்கிறது. பாம்பு விசயத்தில் இருளர் பேச்சு அறிவு. எங்கே தேடுவது, எந்தத் தடம் பழசு, எந்தத் தடம் புதுசு என்பதை அவர் தீர்மானிக்கிறார்; படித்தவன் பின்னால் போகிறான். அதே சாதி, அதே மாவட்டம், சேம்பர் விசயத்தில் மட்டும் அவர் பேச்சு வெறும் 'அனுபவம்' ஆகிவிடுகிறது. எங்கே தேடுவது என்பதைப் படித்தவன் தீர்மானிக்கிறான், அவர் பதில் சொல்கிறார். பாம்புப் புற்றை மோந்து பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு, எந்தச் சூளையில் ஆள் கட்டுண்டு கிடக்கிறான் என்று வேலியைப் பார்த்தே சொல்லத் தெரியாதா?

தெரியும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் ஒரு குடியிருப்பில், முன்பு கட்டுண்டு கிடந்து வெளியே வந்த சில பெண்களிடம் ஒரு படிவத்தை வாசித்துக் காட்டும் வாய்ப்பு கிடைத்தது. 'நீங்கள் கொத்தடிமையாக வேலை செய்கிறீர்களா?' என்று வாசித்ததும் சிரித்துவிட்டார்கள். "இன்னா தம்பி, அப்படிக் கேட்டா யார் ஆமான்னுவாங்க? அட்வான்ஸ் வாங்கிகினு இருக்கோம், கணக்கு முடியல, அவ்ளோதான்னு சொல்லுவாங்க" என்றார் ஒரு பெரியம்மா. அந்தச் சொல்லே உள்ளே இருப்பவர் வாயில் இல்லை. வெளியே வந்து, விடுதலைச் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் கொத்தடிமை என்று ஒரு பேர் இருப்பதே பலருக்குத் தெரிகிறது. 'வெளியே செல்ல அனுமதி உண்டா?' என்ற கேள்விக்கும் அவர்கள் சொன்ன திருத்தம் முக்கியமானது. உண்டு என்றுதான் பதில் வரும். சந்தைக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம். குடும்பத்தோடு போக முடியாது. ஆகவே கேட்க வேண்டியது: போன தடவை நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போனப்ப யாரை விட்டுட்டுப் போனீங்க? எந்தப் பிள்ளையை? இன்னும் சொன்னார்கள். கணக்கு நோட்டு யார் கையில இருக்கு, நீங்க எப்பவாவது பாத்தீங்களா? வாரப்படி குடுக்கும்போது கழிச்சாங்களா, சேத்தாங்களா? கல்யாணம் ஆகி வந்த பொண்ணு பேர்ல எப்ப கணக்கு ஏறிச்சு? போன் யார்கிட்ட இருக்கு? மேஸ்திரி உங்களை வேற சேம்பருக்கு அனுப்பும்போது உங்க கடனும் கூட வந்துச்சா?

இந்தக் கேள்விகளை எந்தப் பல்கலைக்கழகத்திலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே கிடந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த கேள்விகள். இதைவிட நுட்பமான இன்னொன்றை ஒரு இளம்பெண் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டே: "ஆம்பளைங்க பக்கத்துல இருக்கும்போது கேக்காதீங்க. முதலாளி ஆளுங்க ராத்திரில வந்ததைப் பத்தி வூட்டுக்காரர் முன்னால எவளும் சொல்ல மாட்டா." குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் போட்டு அவரிடமே எல்லாவற்றையும் கேட்டு முடிக்கிற படிவத்தில், பெண் உடம்பின் மேல் நடந்த கொடுமைக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் திட்டத்தில் இடமில்லை.

'பங்கேற்பு' என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாலையில் குளிரூட்டப்பட்ட ஓட்டல் மண்டபம் ஒன்றில் கலந்தாய்வு. பெயர் வேண்டாம். வெளியே வந்த தொழிலாளர்கள் அஞ்சு பேரை வேனில் கூட்டிவந்து மேடையில் உட்கார வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிசம், தங்கள் 'கதை'யைச் சொல்ல வேண்டும். நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். மதியம் 'கொள்கைப் பரிந்துரைகள்' அமர்வு. அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. மாவட்டத்துக்கு எவ்வளவு நிதி, எந்தத் துறைக்குப் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் பேசியபோது அந்த அஞ்சு பேரில் ஒருவரும் அறையில் இல்லை. காலையில் அவர்கள் பேசியது கண்ணீருக்கு. மதியம் மற்றவர்கள் பேசியது கொள்கைக்கு.

கொள்கை என்றால் என்ன? 2016-ல் மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டத்தைத் திருத்தியது. ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள் கடத்தல் போன்ற மிகக் கொடுமையான நிலைக்கு 3 லட்சம். மாவட்டக் கணக்கெடுப்புக்கு நாலரை லட்சம் ரூபாய், மூணு வருசத்துக்கு ஒருதரம். தொகை கூடியது நல்லது. ஆனால் பணம் கைக்கு வந்து முடிவது நீதிமன்ற நடைமுறையோடு பிணைக்கப்பட்டது. உடனடி உதவி 20 ஆயிரம். 2022-ல் அது 30 ஆயிரம் வரை ஆனது. வெளியே வந்த குடும்பத்திடம் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். வழக்கு நடக்கிற வருசங்களில் சாட்சி சொல்ல வேண்டியவன் முதலாளி ஊருக்குப் பக்கத்திலேயே மரம் வெட்டித்தான் பிழைக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மறுபடியும் முன்பணம் நீட்டப்படுகிறது. முதல் மாதத்தில் என்ன வேண்டும் என்று கேட்டால் அவர்கள் சொல்கிற வரிசையே வேறு: ரேசன் கார்டு, இருளர் என்று பழங்குடிச் சான்றிதழ், மனைப்பட்டா, அப்புறம்தான் பணம். அந்தச் சான்றிதழுக்காகவே தலைமுறையாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிற சனங்கள் அவர்கள்.

இத்தனைக்கும் 1976 சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்த மாவட்டத்தில் வசிக்கிற தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். நியமிப்பது கலெக்டர். அந்த மூன்று இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் போய்க் கேளுங்கள். வெளியே வந்தவர்கள் வடமாவட்டங்களில் தங்களுக்கென்று சங்கம் கட்டி, சூளை சூளையாகப் போய் மற்றவர்களைக் கண்டுபிடித்து அதிகாரிகளிடம் கொண்டுவருகிறார்கள். கணக்கெடுப்பை அவர்களிடமே தர வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் தகுதிச் சான்று வேண்டுமா?

எதிர்வாதங்கள் தெரியும். நடந்ததை மறுபடி மறுபடி சொல்ல வைப்பது புண்ணைக் கிளறுவது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மறக்க நினைக்கிற ஒருத்தரை ஆய்வுக்கு இழுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் கவனியுங்கள், 'கதை சொல்லு' என்று மேடையேற்றும்போது வராத இந்தக் கரிசனம், 'கேள்வி நான் எழுதுகிறேன்' என்று அவர் சொல்லும்போது மட்டும் வருகிறது. இன்னொன்று, பாரபட்சம். பாதிக்கப்பட்டவர் ஒரு பக்கம் சாய்வார், ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டுமாம். முதலாளியின் முற்றத்தில் நாற்காலி போட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்து, அவர் மேஸ்திரி நிற்க, தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்பது எந்தப் பக்கச் சாய்வு?

தமிழ்நாட்டில் இது வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கொத்தடிமை விவகாரமல்ல, அதைவிடக் கொடியது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடி 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை நாடே அறியும். நடக்கவே இல்லை என்றது அரசு. அந்தப் பொய்யை உடைத்ததில் தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் சார்பில் நேரில் போன அதிகாரி பாமதியின் அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் அந்தப் பெண்களைக் கேட்டு எழுதினார். அறிக்கையோடு காரியம் முடிந்துவிடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் கூட நிற்க, அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள், ஆளை அடையாளம் காட்டினார்கள், குறுக்கு விசாரணையில் நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் செத்துப்போக, 2011 செப்டம்பர் 29-ல் மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி நேரில் ஊருக்கே போய்ப் பார்த்தார். அதே செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னார். முப்பத்தோரு வருசம் அந்தப் பெண்கள்தான் வழக்கைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களை 'பயனாளிகள்' என்று எழுத எந்த அறிக்கைக்காரனுக்கும் துணிச்சல் வராது.

இதை எழுதும்போது 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படமும் ஞாபகம் வருகிறது. 1993-ல் கம்மாபுரம் போலீஸ் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளர் ஆக்கினார்கள். நல்ல நோக்கம்தான் என்றார்கள், இருளர் பிரச்சனையும் வெளியே தெரிந்தது. ஆனால் யாருடைய கொடுமை யாருடைய பெயரில் சொல்லப்பட வேண்டும் என்பதைப் பாதிக்கப்பட்ட அந்த இரண்டு சமூகங்களும் முடிவு செய்யவில்லை. சினிமாவுக்காவது கற்பனை உரிமை என்று ஒரு சாக்கு இருக்கிறது. ஆய்வறிக்கைக்கு அதுவும் கிடையாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அடுத்த கணக்கெடுப்பு வரும்போது நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் சிறியவை. படிவம் அச்சாகும் முன் இருளர் குடியிருப்பிலும் சேரியிலும் வாசிக்கப்பட வேண்டும், திருத்தப்பட வேண்டும். கணக்கெடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது வெளியே வந்தவர்களாக இருக்க வேண்டும். பெண்களிடம் பெண்கள் போக வேண்டும். பட்டதாரிக்கு ஒரு நாளைக்கு என்ன படியோ அதே படி அவர்களுக்கும். அறிக்கை கலெக்டர் மேசைக்குப் போகுமுன் யாரிடம் கேட்டு எழுதினார்களோ அவர்கள் நடுவில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். யாராவது எழுந்து "இது நான் சொன்னதில்ல" என்றால் அந்த வரியை அங்கேயே அடிக்க வேண்டும்.